பாலிஷுக்கு அடியில்

பாண்டிமீனாவுக்கு வேலை கப்பலூர் பக்கத்தில் ஒரு சோதனைக்கூடத்தில். சுற்றுவட்டாரப் பட்டறைகளில் இருந்து அலுமினிய வார்ப்புகளும் மிஷின் பாகங்களும் அங்கே வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பாகத்தின் மேல் சிவப்புச் சாயத்தை அடித்து ஊற விடுவாள். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை ஸ்ப்ரே செய்வாள். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்துகொண்ட சாயம் மெல்லக் கசிந்து வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும்பும். கோடு எழும்பினால் பாகம் கழிவுக்குப் போகும். எழும்பாவிட்டால் அவள் முத்திரை விழும்.

சாயம் அடிக்கும் முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. கூடத்தில் அதை எட்சிங் என்பார்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம். அதைக் கடைந்தாலோ தேய்த்தாலோ பாலிஷ் போட்டாலோ மேல்தோல் இழுபட்டு, விரிசலின் வாயை மூடிவிடும். சுவரில் கீறல் இருக்கும் இடத்தில் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த மாதிரிதான். வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே பிளவு அப்படியே இருக்கும். மூடிய வாய்க்குள் சாயம் எப்படிப் போகும்? அதனால் முதலில் சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கி அந்தத் தோலை அரிக்கவிட வேண்டும். நுரை பொங்கி, உலோகம் கரிச்சட்டி மாதிரி கறுத்து வெளியே வரும். கழுவிவிட்டு நைட்ரிக் அமிலத்தில் முக்கினால் கறுப்பு கழன்று, பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தில் நிற்கும். அழகெல்லாம் போயிருக்கும். ஆனால் விரிசல் இருந்தால் அதன் வாய் திறந்திருக்கும். அதன்பிறகுதான் சாயம்.

அந்தக் கூடத்தில் பாண்டிமீனாவைவிட நிதானமாக இதைச் செய்கிறவர்கள் கிடையாது என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா? அவள் அப்பாவும் பெரியப்பாவும் சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வேனில் ஏறிய முதல் ஆள் அவள். டிப்ளமோ படித்தபோது தினமும் அவளைப் பாலிடெக்னிக் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது பெரியப்பா மகன் கருப்பு. பழைய டிவிஎஸ் வண்டியில் பின்னால் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மழை பெய்தால் தன் சட்டையைக் கழற்றி அவள் பையின் மேல் போட்டுவிட்டு அவன் நனைந்துகொண்டே ஓட்டுவான்.

கருப்பு எட்டாம் வகுப்போடு நின்றவன். பட்டறை பட்டறையாக வேலை பழகி, கடைசியில் விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டின் மேலேயே சொந்தமாக ஒரு கடை போட்டான். காருக்கும் பைக்குக்கும் போடும் அலாய் வீல் பள்ளத்தில் விழுந்து நெளிந்துபோனால், அதைச் சூடுகாட்டி, பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தி, பஃப் அடித்துப் புதுசு மாதிரி பளபளக்க வைத்துக் கொடுப்பான். பாண்டிமீனாவும் கல்யாணமாகி விளாங்குடிக்கே வந்துவிட்டதால், சனிக்கிழமைகளில் வேலைவிட்டு வரும் வழியில் கடையில் எட்டிப் பார்ப்பாள்.

அப்படி ஒருநாள் அவன் கேட்டான். "ஏ மீனா, ஒங்க ஆபீசுல செவப்புத் தண்ணி அடிச்சுப் பாப்பியே, அத நம்ம வீலுக்கும் பாக்க முடியுமா?"

"தாராளமா பாக்கலாம்ணே. மூணு ஸ்ப்ரே டப்பா இருந்தாப் போதும்."

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். "விரிசல் சோதனை செய்து தரப்படும்" என்று போர்டில் ஒரு வரி சேர்த்து எழுதினான். வருகிற ஆட்களிடமெல்லாம், "எந் தங்கச்சி இதுக்குன்னே படிச்சவ. அவ பாத்து சரின்னு சொன்னாத்தான் வீலு வெளிய போகும்" என்று சொல்லிக்கொள்வான். அவள் சரி என்று சொன்ன வீலின் உள்பக்கம் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பான்.

முதல் வீலுக்கு அவள் முறைப்படிதான் செய்தாள். கூடத்தில் செய்வது போலவே காஸ்டிக் காரமும் அமிலமும் தடவி, கழுவி, சாயம் அடித்துப் பார்த்தாள். விரிசல் இல்லை. ஆனால் வீல் பழைய அலுமினியச் சட்டி மாதிரி மங்கிப்போனது. வண்டிக்காரன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான்.

"பளபளப்புக்குத்தாண்டி அவெங்க வாராங்க" என்றான் கருப்பு. "அந்தக் காரம் இல்லாமப் பாக்க முடியாதா?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். பஃப் அடிக்கும் முன்னாலேயே என்னைக் கூப்பிடு, அப்போது பார்த்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் போகிற நேரத்துக்கு வீல்களெல்லாம் பாலிஷ் முடிந்து வரிசையாக நிற்கும். வேனில் வந்த களைப்பு வேறு. "பாக்கலாம்ணே" என்றாள். அதற்குப் பிறகு பளபளப்பின் மேலேயே சாயம் அடித்தாள், பளபளப்பின் மேலேயே பொடி அடித்தாள். எல்லாமே வெள்ளை வெளேரென்று சுத்தமாக வந்தன. சுத்தமாக வருவதைப் பார்த்து அவள் மனசுக்குள் எங்கோ ஓர் உறுத்தல் இருந்தது. வெறும் வண்டிச் சக்கரம்தானே, ஆகாய விமானமா என்று அதை அமுக்கிவிட்டாள்.

தல்லாகுளத்தில் குடியிருந்த தமிழ்மாறன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் தன் காரின் முன்பக்க வீல் இரண்டையும் கொண்டுவந்தார். ஒன்று நெளிந்திருந்தது. இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது. ஜோடி ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக அதற்கும் பஃப் அடிக்கச் சொன்னார். கருப்பு நெளிந்ததைச் சூடுகாட்டி நிமிர்த்தினான், இரண்டுக்கும் பாலிஷ் போட்டான். சனிக்கிழமை பாண்டிமீனா வந்து சாயம் அடித்துப் பார்த்தாள். இரண்டுக்கும் பச்சைப் பொட்டு விழுந்தது.

சில வாரங்கள் கழித்து, சமயநல்லூர் தாண்டி நாலுவழிச் சாலையில், நிமிர்த்திய அந்த வீல் ஓடும்போதே ஆரக்கால் விட்டு உடைந்தது. கார் சாய்ந்து நடுச்சுவரில் மோதி நின்றது. தமிழ்மாறனுக்குப் பெரிய அடி இல்லை. அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மகள் பவதாரிணிக்கு வலது தோளும் மேற்கையும் நொறுங்கிவிட்டன. காலேஜில் படிக்கிற பெண். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கை பழையபடி தூக்க வருமா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, தமிழ்மாறன் தன் சொந்தக்காரர்களோடு நேராகக் கருப்பு கடைக்கு வந்தார். உடையாத இன்னொரு வீலையும் கழற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் தூக்கி எறிந்தார். எறிந்த கையோடு கருப்பைக் கன்னத்தில் அறைந்தார். பக்கத்து டீக்கடை, எதிர்க்கடை எல்லாம் கூடிவிட்டது. கருப்பு திருப்பி அடிக்கவில்லை. "சார், தங்கச்சி பாத்து சரின்னு சொல்லித்தான் சார் குடுத்தேன். அவளக் கேளுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பாண்டிமீனாவுக்குப் போன் போயிற்று. அவள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அழுக்குப் பனியனோடு, கன்னம் சிவந்து, கருப்பு நடுவில் நின்றான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. இவள் வந்துவிட்டாள், இனி சரியாகிவிடும் என்கிற தெம்பு.

"நீங்கதான் டெஸ்ட் பண்ணதாம்மா?" என்றார் தமிழ்மாறன்.  "உள்ளதச் சொல்லுங்க. விரிசல் இருந்துச்சா, இல்லையா?"

"நான் பாத்தப்ப இல்ல சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கண்டது அதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. யாரோ ஒருத்தர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். கூடத்து வேலை போய்விடும் என்று பயந்தாள். அவள் வாய் தானாகத் திறந்தது.

"அதுக்குப் பெறகு இவரு மறுபடி சூடு காட்டியிருந்தா எனக்குத் தெரியாது."

அண்ணன் என்றுகூடச் சொல்லவில்லை. 'இவரு' என்றாள்.

கருப்பு அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்டது சரிதானா என்பதுபோல் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.  அவன் பேசாமல் நின்றதையே கூட்டம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டது.

விஷயம் ஸ்டேஷன் வரைக்கும் போகவில்லை. போகாமலே கருப்பின் கடை முடிந்துபோனது. படம் எடுத்த ஆள் அதை ஏரியா குரூப்பில் போட்டுவிட்டான். "சூடு காட்டி ஏமாத்துற கடை" என்று பெயர் வந்துவிட்டது. வண்டிகள் வருவது நின்றது. கட்டடத்துச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னார். பிரஸ்ஸையும் பஃப் மிஷினையும் ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பியதாகப் பாண்டிமீனா கேள்விப்பட்டாள். கருப்பு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே யாரோ ஒருவர் பஞ்சர் கடையில் கூலிக்குச் சேர்ந்தான்.

அவள் கடை இருந்த பக்கம் போவதை விட்டாள். வேனை ஒரு ஸ்டாப் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிச் சந்து வழியாக வீட்டுக்கு நடந்தாள். கணவன் பால்பாண்டி எலக்ட்ரீசியன், நேராகப் பேசுகிறவன். "ஒன்னயக் கேட்டாங்க, பாத்தத சொன்ன. அதுக்கு ஏன் ஒளியுற?" என்றான்.  கூடத்தில் காஸ்டிக் தொட்டியில் பாகம் முக்கும்போதெல்லாம், நுரை பொங்கிக் கறுத்து வருவதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. பட்டறையில் பாலிஷ் போட்டு அனுப்பிய ஒரு சின்ன வார்ப்பு ஒருநாள் வந்தது. எட்சிங் செய்து சாயம் அடித்ததும் அதன் மூலையில் சிவப்பாகக் கோடு எழும்பிற்று. பக்கத்தில் இருந்தவர்கள், "மீனாக்கா பிடிச்சுட்டாங்க" என்றார்கள். அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒளிந்துகொண்டே எத்தனை நாளைக்கு இருப்பது? பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்து பார்க்கப் போக வேண்டியதாகிவிட்டது. அவர் கருப்பு வீட்டில்தான் இருந்தார். வாசலில் அந்த வீல் கிடந்தது. தமிழ்மாறன் தூக்கி எறிந்த, உடையாத வீல். அதைக் குப்புறப் போட்டு, மேலே தண்ணீர் டிரம்மை ஏற்றி வைத்திருந்தார்கள். பாண்டிமீனா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீலைக் கருப்பு சூடு காட்டவே இல்லை. பாலிஷ் மட்டும்தான் போட்டான். இதற்குள்ளும் விரிசல் இருக்குமானால்?

கருப்பின் மனைவி மலையம்மாள் வெளியே வந்தாள். எப்போதும், "வாடி, எம்புட்டு நாளாச்சு" என்று கையைப் பிடித்து இழுக்கிற மதினி. அன்றைக்கு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "வாங்க" என்றாள். அவ்வளவுதான். நாற்காலி எடுத்துப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், "குடிங்க" என்றாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பாண்டிமீனா சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

"மதினி, அந்த வீல நான் எடுத்துட்டுப் போகவா?"

"எதுக்கு?"

"பாக்கணும்."

"அன்னைக்கே பாத்துட்டீங்களே" என்றாள் மலையம்மாள். ஆனாலும் டிரம்மை நகர்த்தி வீலை எடுத்துக் கொடுத்தாள்.

கூடத்தின் மேனேஜர் சேக் இஸ்மாயில், காஜிமார் தெருக்காரர், அதிகம் பேசாதவர். பாண்டிமீனா வீலோடு அவர் முன்னால் போய் நின்றாள். "சார், சொந்த விஷயமா இதச் செக் பண்ணணும். நீங்களும் கூட இருந்து பாக்கணும்" என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தார்.

அழுக்குப் போகக் கழுவித் துடைத்து, முதலில் பாலிஷின் மேலேயே சாயம் அடித்தாள். துடைத்தாள். பொடி அடித்தாள். அன்றைக்குக் கடையில் பார்த்தது போலவே வெள்ளை வெளேரென்று இருந்தது. எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில் காஸ்டிக்கைப் பஞ்சால் தடவினாள். நுரைத்தது, கறுத்தது. கழுவினாள். அமிலம் தடவினாள். கறுப்பு கழன்று சாம்பல் நிறம் வந்தது. மறுபடி கழுவி, காயவைத்து, சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, பொடி அடித்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கண் மட்டும் பொடியை விட்டு அகலவில்லை.

முதலில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நீண்டு, தலைமுடி தடிமனில் ஒரு கோடு ஆரக்காலைக் குறுக்கே வளைத்துக்கொண்டு எழும்பியது.

சேக் இஸ்மாயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பாலிஷ் போட்ட பாகத்த எட்ச் பண்ணாம யாரும்மா பாஸ் பண்ணது?"

"நாந்தான் சார்."

அவர் நிமிரவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமைகளில் போனதையும், காரம் வேண்டாம் என்றதும் தலையாட்டியதையும், கார் சுவரில் மோதியதையும், கூட்டத்துக்கு நடுவே சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தையும். அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டாவது தடவை முயன்றுதான் சொல்ல முடிந்தது.

"யா அல்லாஹ்" என்றார் அவர் மெதுவாக. நிமிர்ந்து, "தெரியாம செஞ்சிருந்தா ஒனக்குச் சொல்லிக் குடுப்பேன்மா. ஒனக்குத் தெரியுமே. நான் என்ன சொல்லிக் குடுக்க?" என்றார். அவள் முத்திரையை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். "மொதல்ல யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு. இங்க உள்ளத பெறகு பாப்போம்."

தல்லாகுளத்தில் தமிழ்மாறன் வீட்டுக் கதவைத் தட்டியபோது பவதாரிணிதான் இடது கையால் திறந்தாள். வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. பாண்டிமீனா தான் யார் என்று சொல்லாமல் அப்பா இருக்கிறாரா என்று மட்டும் கேட்டாள். உள்ளே இருந்து வந்த தமிழ்மாறனே அடையாளம் கண்டுகொண்டார்.

உட்காராமலே சொன்னாள். நல்லவேளை, உடைந்த வீலின் துண்டுகளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கேஸ் கொடுத்தால் உதவும் என்று வைத்திருந்தாராம். அவற்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். உடைந்த முகத்தில் பெரும்பாகம் கல்கண்டை உடைத்தது போலப் புதிதாக மினுங்கியது. ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு ஓர் இடம் மங்கிப் பழுப்பேறி இருந்தது.

"மினுங்குறது அன்னைக்கு ஒடஞ்சது சார். இந்தப் பழுப்பு ரொம்ப நாளைக்கு முந்தியே விரிசல் விட்ட எடம். அண்ணன் கைக்கு வரும்போதே உள்ள இருந்திருக்கு. இன்னொரு வீலு அவரு சூடே காட்டாதது. அதுலயும் இருக்கு. பாலிஷுக்கு அடியில மூடிக் கெடந்துச்சு, அப்ப பாலிஷுக்கு முந்தியே வந்ததுதான்." செல்போனில் எடுத்திருந்த சிவப்புக் கோட்டின் படத்தைக் காட்டினாள். "காரம் போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் போடல. போடணும்னு எனக்குத் தெரியும்."

பவதாரிணி போனை வாங்கிப் பார்த்தாள். "இம்புட்டூண்டு கோடா?" என்றாள்.  போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாண்டிமீனா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் தமிழ்மாறன். "அந்த ஆள அத்தன பேருக்கு முன்னாடி நான் கைநீட்டி அடிச்சனே. நீங்க சொன்ன பெறகு, அடிச்சது நியாயம்தான்னு இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "பயந்துட்டேன் சார்."

"பயம்" என்றார் அவர், அந்த வார்த்தையை எடைபோடுவது போல. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்க, போவோம்."

ஆரப்பாளையத்தில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த சாயங்கால நேரம். கருப்பு கீழே உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் சட்டென்று எழுந்து ஓரடி பின்னால் போனான். மறுபடி அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். அந்த ஓரடியைப் பார்த்தபோது பாண்டிமீனாவுக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தமிழ்மாறன் கையைக் கூப்பினார். வாத்தியார் என்பதால் பேச்சு கோவையாக வரும் என்று நினைத்திருப்பார். வரவில்லை. "தப்பு எம்மேல. தெரியாம அடிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"சரி சார். பாப்பாவுக்குக் கை இப்ப எப்புடி இருக்கு?" என்றான் கருப்பு.

"பரவால்ல. பயிற்சி குடுக்குறாங்க."

"நல்லா வந்துரும் சார்."

கடை முதலாளியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாண்டிமீனா நடந்ததைச் சொன்னாள். விளாங்குடிக்காரர் குரூப்பிலும் தன் குரலிலேயே பேசிப் போடுவதாகச் சொன்னாள். கருப்பு கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். அவள் முடித்ததும், தமிழ்மாறன் காதில் விழாத அளவுக்குத் தணிந்த குரலில் சொன்னான்:

"நீ பாக்காம விட்டது பெருசில்ல மீனா. காரம் வேணாம்னு கேட்டது நாந்தான். அதுல எனக்கும் பங்கு இருக்கு. நான் மறுபடி சூடு காட்டியிருப்பேன்னு சொன்ன பாரு. அத எதுக்குச் சொன்ன?"

 அழுதாள். அழுவதும் தப்பிக்கிற வழியாகத்தான் தெரியும் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள். கருப்பு உட்கார்ந்து டியூபை மறுபடி தண்ணீரில் முக்கினான்.

சொன்னபடியே குரூப்பில் பேசிப் போட்டாள். அழித்துவிட்டு மறுபடி, அழித்துவிட்டு மறுபடி என்று பலமுறை பேசிப் பார்த்தபிறகு போட்டது. கூடத்தில் அவளை முத்திரை போடும் வேலையில் இருந்து எடுத்துவிட்டு, தொட்டியில் பாகங்களை முக்கி எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சோதனை செய்வதற்கான தகுதிப் பரீட்சையைத் திரும்ப எழுதச் சொன்னார்கள். அதெல்லாம் அவளுக்குச் சுமையாகத் தெரியவில்லை. சுமையாக இருந்தது வேறு. குரூப்பில் கேட்டவர்கள் தெருவில் நிறுத்தி, "இந்தக் காலத்துல யாரு இப்புடி ஒத்துக்கிருவா, நேர்மையான புள்ளடி நீ" என்று பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. நேர்மையானவள் என்று பேர் வாங்குவதற்கும் அண்ணன்தான் அடி வாங்க வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொள்வாள்.

கருப்பு மறுபடி கடை போட்டான். பழைய இடம் கிடைக்கவில்லை, உள்ளே தள்ளி ஒரு சின்ன ஷெட். முன்போல் கூட்டம் இல்லை என்றாலும் வண்டிகள் வந்தன. தமிழ்மாறன் சொல்லி அனுப்பியவர்கள் சிலரும் வந்தார்கள். போர்டில் விரிசல் சோதனை என்ற வரியை மட்டும் அவன் எழுதவில்லை.

அடுத்த வருஷம் பாண்டிமீனாவின் மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாத வீடு அவளுடையது. தாய்மாமன் மடி கருப்புடையதுதான். பத்திரிகை வைக்கப் பால்பாண்டி மட்டும் போனான். அவளுக்குப் போகக் கால் வரவில்லை. வருவானா என்று தெரியாமலே காலையில் இருந்து வாசலைப் பார்த்தாள். கருப்பு வந்தான். மலையம்மாளும் சீர்த்தட்டோடு வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான், அது அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்டான். முறை ஒன்றும் குறையாமல் செய்தான். பந்தியில் பாண்டிமீனாதான் அவன் இலைக்குப் பரிமாறினாள்.

குனிந்து சோறு வைத்துக்கொண்டிருந்தவளிடம் அவன் திடீரென்று கேட்டான். "காரம் போட்டுப் பாத்த பெறகு திரும்ப பாலிஷ் போட்டா, மறுபடி வாய் மூடிக்கிராதா?"

அவள் கரண்டி நின்றது. "மூடும்ணே. ஆனா அதுக்குள்ள பாத்து முடிச்சிருப்போம்ல. விரிசல் இல்லாததுக்குத்தான் பாலிஷ் போடுவோம்."

"அப்ப மொதல்ல நிமித்தணும், பெறகு காரம், பெறகு சாயம், கடைசியாத்தான் பஃப்பு."

"ஆமாண்ணே."

"ம்" என்றான். சோற்றில் விரலால் குழி பறித்தான். "கொழம்பு ஊத்து."

ஊற்றினாள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கலாம். அவன் கண் எங்கே பார்க்கிறது என்றாவது தெரிந்திருக்கும். அவளால் முடியவில்லை. குழம்பு நிறைந்த அந்தச் சோற்றுக்குழியையே பார்த்துக்கொண்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.